குனிந்தாலே பறக்கிற காகம்: தற்காப்பு என்றால் என்ன?

யாழ்ப்பாணத்தில் எங்கேயாவது சங்கிலி அறுத்த செய்தி வந்தால் போதும், ரியூசன் முடிந்து வந்த பிள்ளைக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் யாரோ வந்தார்கள் என்று ஒரு கதை வந்தால் போதும், அன்று பின்னேரமே வீட்டு விறாந்தையில் இரண்டு தீர்ப்புகள் வந்துவிடும். ஒன்று, "பொம்பிளைப் பிள்ளையள் எல்லாரும் கராத்தே பழகவேணும்." மற்றது, "ஆறு மணிக்குப் பிறகு வெளியிலை போகக்கூடாது."

நான் பதினொரு வயதில் கராத்தே பழகத் தொடங்கியவள். ஆறு மணிக்குப் பிறகு வேலையால் திரும்புகிறவளும்தான். சில வருடங்களுக்கு முன், மின்சாரம் நின்றிருந்த ஒரு பின்னேரம், கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் என்னைக் கடந்துபோய்த் திரும்பி வந்து குறுக்காக நின்றது. இரண்டு பேர், இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெற். ஒரு வீட்டின் பெயரைச் சொல்லி வழி கேட்டார்கள். நான் வழி சொன்னேன். என்ஜின் நிற்கவில்லை, பின்னால் இருந்தவர் ஒரு காலை நிலத்தில் ஊன்றினார், நான் இன்னும் வழி சொல்லிக்கொண்டுதான் நின்றேன். பக்கத்து வீட்டு அன்ரி குப்பை கொட்டக் கேற்றைத் திறந்தார், அவர்கள் போய்விட்டார்கள். ஏழு வருடம் பழகியதில் ஒரு அடிகூட அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. நான் கோழை என்றுதான் அன்று இரவு முழுக்க நினைத்தேன். அப்படி இல்லை என்று விளங்க நிறைய நாள் எடுத்தது. அப்படி விளங்கியதைத்தான், சண்டைக்கலை எதுவும் தெரியாதவர்களுக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

காகத்திடம் படிக்கலாம்

முற்றத்தில் கருவாடு காயவிட்டிருக்கிறீர்கள், காகம் வந்துவிட்டது. விறாந்தையில் நின்று "சூ" என்றால் தலையைச் சரித்து ஒருமுறை பார்க்கும், அவ்வளவுதான். நீங்கள் ஒரு எட்டு வைத்தால் இரண்டு தத்துத் தத்தி விலகும். கல் எடுக்கக் குனிந்தீர்களோ, கல் கைக்கு வருமுன்பே மதிலில் போய் இருந்துவிடும். உங்களிடம் கல் இருக்கிறதா, உங்களுக்குக் குறி பார்க்கத் தெரியுமா என்றெல்லாம் அது பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. குனிந்த அந்தக் குனிவு போதும்.

கவனித்தது, இடைவெளியைக் குறையவிடவில்லை, அடையாளம் தெரிந்தவுடன் போய்விட்டது. தற்காப்பு என்ற சொல்லின் பெரிய பங்கு இதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. தற்காப்பு என்பது, ஆபத்து நம்மைத் தொடுமுன் விலகுவதும், தொட்டுவிட்டால் விடுபட்டு ஓடத் தேவையான அளவுக்கு மட்டும் எதிர்ப்பதும். கராத்தே வகுப்பில் பழக்குவது அந்த இரண்டாவது பாதியில், அதுவும் ஒரு துண்டு. முதல் பாதியை யாரும் பழக்குவதில்லை, பழக்க வேண்டிய ஒன்றாகக்கூட நாங்கள் அதை நினைப்பதில்லை.

இன்னொன்று. காகம் நாள் முழுக்கப் பயந்துகொண்டு இருப்பதில்லை. கருவாட்டை ரசித்துத்தான் தின்னுகிறது. கவனமும் பயமும் ஒன்றல்ல. கஸ்தூரியார் வீதியில் பின்னேரம் சைக்கிள் ஓடுகிறவர் நடுங்கிக்கொண்டா ஓடுகிறார்? நின்றிருக்கும் வானின் கதவு திறக்கப் போகிறதா, முன்னால் போகும் ஓட்டோ சடாரென்று மறிக்குமா என்று கண் தன்பாட்டில் பார்த்துக்கொண்டிருக்கும், வாய் பின்னால் இருக்கிற பிள்ளையோடு கதைத்துக்கொண்டிருக்கும். நடக்கும்போதும் அந்தளவு கவனம் போதும். இரண்டு காதிலும் இயர்போன், கண் போனில், அப்படியே ஒழுங்கைக்குள் இறங்குவதுதான் பிரச்சினை. ஒரு காதைத் திறந்து வையுங்கள்.

இடைவெளி என்பது நேரம்

காங்கேசன்துறை வீதியில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்கூட்டியில் போகிறீர்கள். ஒரு மாடு குறுக்கே வருகிறது. அந்த வேகத்தில் நீங்கள் செக்கனுக்கு 11 மீற்றர் போய்க்கொண்டிருக்கிறீர்கள். மாட்டைக் கண்டு, அது மாடு என்று மூளைக்கு விளங்கி, கை பிரேக்கைப் பிடிக்க, எதிர்பாராத நேரமென்றால் ஏறக்குறைய ஒரு செக்கன் போய்விடும். கண்டதற்கும் கை அசைவதற்கும் இடையில் போகிற இந்த நேரத்துக்கு எதிர்வினை நேரம் என்று பெயர். எவ்வளவு திறமைசாலி என்றாலும் இது பூச்சியத்துக்கு வராது. மாடு பதினைந்து மீற்றருக்கு அப்பால் நின்றால் பிரேக்கைப் பிடிக்கவாவது நேரமிருக்கும், ஐந்து மீற்றரில் நின்றால் கை பிரேக்குக்குப் போகுமுன்பே மாட்டில் நிற்பீர்கள்.

மனிதர்களிலும் கணக்கு இதேதான். 1983இல் அமெரிக்காவின் சோல்ற் லேக் சிற்றி நகரத்துப் பொலிஸ் பயிற்றுநர் டெனிஸ் டூலர், ஒரு ஆள் 21 அடி தூரத்தை ஓடிவர எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று அளந்து பார்த்தார். ஏறக்குறைய ஒன்றரைச் செக்கன். இடுப்பில் துவக்கு வைத்திருக்கிற பயிற்சி பெற்ற பொலிஸ்காரர் அதை உருவிச் சுடுவதற்கும் அவ்வளவு நேரம்தான் தேவைப்பட்டது. அவர் நிலைமையே இப்படி என்றால், கைப்பையின் அடியில் கத்தியோ ஊசியோ வைத்திருந்து, வேளை வந்தால் எடுத்துக் குத்துவேன் என்று நாங்கள் நினைப்பது எவ்வளவு சரிவரும்? சிப்பைத் திறக்கவே நேரம் வராது.

எங்கள் ஒழுங்கைகள் பலதின் அகலம் பத்து, பன்னிரண்டு அடிதான். அதற்குள் வழி கேட்கிறவருக்குப் பக்கத்தில் போய் நின்று, கையை நீட்டி, "அந்தச் சந்தியாலை போய் இடக்கைப் பக்கம்" என்று சொல்வது எங்கள் ஊர்ப் பழக்கம். நல்ல பழக்கம், அதை விடச் சொல்லவில்லை. நின்ற இடத்தில் நில்லாமல், இரண்டு மூன்று அடி பின்னுக்கு வைத்துவிட்டு அங்கிருந்து சொல்லுங்கள். உண்மையாக வழி கேட்டவர் கேட்டுவிட்டுப் போவார். நீங்கள் பின்னுக்குப் போக அவர் முன்னுக்கு வந்தால், அதுதான் காகம் பார்த்த குனிவு. அதற்குப் பிறகு வழி சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, முகத்துக்காகக்கூட.

நடக்கும்போது வீதியின் வலப்பக்கம், அதாவது எதிரே வரும் வாகனத்துக்கு முகம் கொடுத்து நடப்பது நல்லது. எங்கள் நாட்டில் வாகனம் இடப்பக்கமாக ஓடுவதால், அப்படி நடந்தால் உங்கள் ஓரமாக வருகிற மோட்டார் சைக்கிள் கண்ணுக்கு முன்னால் வரும், முதுகுக்குப் பின்னால் வராது. கைப்பை மதில் பக்கத்துத் தோளில் இருக்கட்டும்.

என் பெரியம்மாவின் சங்கிலியை இழுத்தபோது அவர் இரண்டு கையாலும் அதைப் பொத்திப் பிடித்தார். பிடிக்கத்தான் மனம் சொல்லும், அது அவர் மகளின் கலியாணத்துக்கென்று பத்து வருடம் சீட்டுக் கட்டிச் செய்தது. மோட்டார் சைக்கிள் ஓட ஓட அவர் இழுபட்டார், சங்கிலி விரல் மடிப்பில் அறுத்துக்கொண்டு போனது, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. சங்கிலி அவர்களோடுதான் போனது. இன்றைக்கும் அவர் அந்தக் கையால் தேங்காய் திருவுவதில்லை. ஓடுகிற மோட்டார் சைக்கிளோடு இழுபறி நடத்தி யாரும் வெல்ல முடியாது. நகை, போன், காசு கேட்டால் விட்டுவிடுங்கள். உங்களை எங்கேயாவது வரச்சொன்னால், வாகனத்தில் ஏறச்சொன்னால், அப்போதுதான் முழுப் பலத்தோடும் எதிர்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை இருத்திவைத்துச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னது இதுதான்: எங்களுக்கு எதிர்வினை நேரம் தேவை, அந்த நேரத்தைத் தருவது தூரம். தூரம் இருக்கிறவரைக்கும் கால்தான் வேலை செய்யவேண்டும், கை அல்ல.

(எங்கள் ஒழுங்கைகளே மாறிவிட்டன என்பதையும் சொல்லவேண்டும். கிடுகு வேலியும் பனைமட்டை வேலியும் இருந்த காலத்தில் வீதியில் இருமினால் குசினிக்குள் கேட்கும். இப்போது ஆறடி மதில், தகரம் அடித்த கேற், உள்ளே பூட்டிய வீடு, ஆட்கள் கனடாவில். கேட்க ஆளில்லாத அந்த நூறு மீற்றர் உங்கள் ஒழுங்கையில் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.)

உடம்பு ஏன் உறைந்து போகிறது

மரவட்டையை விரலால் தொட்டால் சுருண்டுவிடும். யோசித்துச் சுருள்வதில்லை. எங்கள் உடம்பிலும் அப்படி ஒன்று இருக்கிறது.

திடீரென்று ஆபத்து வந்தால் சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல இருக்கிற சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. அட்ரினலின் என்பது உடம்பை அவசரத்துக்குத் தயார் செய்கிற இரசாயனம். இதயம் வேகமாக அடிக்கும், தசைகளுக்கு இரத்தம் பாயும், வாய் காயும், பார்வை ஒடுங்கி முன்னால் இருப்பது மட்டும் தெரியும். அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் வோல்ரர் கனன் 1915இல் இதைச் 'சண்டை அல்லது ஓட்டம்' என்று விளக்கினார். அதற்குப் பின் வந்தவர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள், உறைதல். அசையாமல் இருந்தால் வேட்டையாடும் மிருகத்தின் கண்ணில் படாமல் தப்பலாம் என்ற மிகப் பழைய ஏற்பாடு அது. ஒழுங்கையில் என் கால் நகராமல் நின்றது அதனால்தான். வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணிடம் "நீ ஏன் கத்தேல்லை, ஏன் தள்ளேல்லை" என்று கேட்கிறவர்கள் இந்த ஒரு பந்தியையாவது தயவுசெய்து இன்னொருமுறை வாசியுங்கள். அவள் சம்மதித்து நிற்கவில்லை. உடம்பு அவளைக் கேட்காமல் நிறுத்திவைத்தது.

அட்ரினலின் ஏறிய கை பலமாகத் தள்ளும், வேகமாக ஓட உதவும், ஆனால் நுணுக்கமான வேலை செய்யாது. கேற் பூட்டின் துவாரத்துக்குள் திறப்பு போகாது, போனில் இலக்கம் அழுத்த வராது. அதனால் ஒழுங்கைக்குள் திரும்புமுன்பே திறப்பைக் கையில் எடுத்துவிடுங்கள், பொலிஸ் அவசர இலக்கமான 119ஐ ஒரே தொடுதலில் அழைக்கும்படி போனில் வையுங்கள்.

உறைதலை உடைக்க வழி உண்டா? உண்டு, சின்ன வழிதான். மூச்சை ஊதி வெளியே விடுங்கள், ஒரு காலைப் பின்னுக்கு வையுங்கள். ஒரு கால் அசைந்தால் மற்றக் காலும் அசையும். மூச்சு வந்தால் சத்தமும் வரும். வீட்டில் பத்து இருபது தரம் செய்து பார்த்தவருக்கு அந்த நேரத்தில் அது வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

நிறைய அடி தெரிந்திருந்தால் நல்லது என்ற நினைப்பும் பிழை. தெரிவுகள் கூடக்கூட எதைச் செய்வது என்று முடிவெடுக்க மூளைக்குக் கூடுதல் நேரம் தேவை, இதை 1952இல் ஹிக் என்ற பிரித்தானிய உளவியலாளர் அளந்து காட்டினார். இருபது வித்தைகளை அரைகுறையாகத் தெரிந்தவரை விட இரண்டைத் தூக்கத்திலும் செய்யக்கூடியவர் முந்துவார்.

எப்படிச் சத்தம் போடுவது

இதில் எங்கள் மொழியே காலை வாருகிறது. யாரோடும் மரியாதையாகக் கதைத்துப் பழகியதால், கையைப் பிடித்தவனிடமும் "விடுங்கோ, விடுங்கோ" என்றுதான் வாயில் வரும். தூரத்தில் கேட்கிறவருக்கு அது எப்படி இருக்கும்? புருஷன் பெண்சாதி சண்டை, அண்ணன் தங்கச்சி பிரச்சினை, எங்களுக்கு ஏன் என்று போய்விடுவார்கள். அதனால் இரண்டு வசனம் பாடமாக்கி வையுங்கள். ஒன்று, "விடு!" மற்றது, "இந்த ஆளை எனக்குத் தெரியாது!" இரண்டாவதுதான் முக்கியம். குடும்பச் சண்டை இல்லை என்று வீதியில் நிற்கிறவர்களுக்கு அது ஒரு நொடியில் சொல்லிவிடும்.

ஆட்கள் நிறைய நின்றால் உதவி நிச்சயம் என்று நம்பவும் முடியாது. 1968இல் ஜோன் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் நியூயோர்க்கில் ஒரு பரிசோதனை செய்தார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருகிற சத்தத்தை ஹெட்போன் வழியாகக் கேட்க வைத்தார்கள். தான் மட்டும்தான் கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் 85 வீதமானோர், அந்தச் சத்தம் ஓயுமுன்பே உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 வீதமானோர்தான் எழுந்தார்கள். ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் மற்றவர் செய்வார் என்று நிற்பதைப் பார்வையாளர் விளைவு என்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பொறுப்பு பங்குபட்டுவிட்டது.

இதை உடைக்க ஒரு ஆளைத் தெரிந்தெடுத்துக் கூப்பிடவேண்டும். பருத்தித்துறை பஸ்ஸில் நெரிசலுக்குள் பின்னால் நின்றவன் சேட்டை விட்டபோது, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை திரும்பி அவன் முகத்தைப் பார்த்து "கையை எடு" என்று சொன்னது. அடுத்த மூச்சில், "நீலச் சேர்ட் போட்ட அண்ணை, இவரை அங்காலை தள்ளி நிக்கச் சொல்லுங்கோ" என்றது. அதுவரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த நீலச் சேர்ட் அண்ணை எழும்பினார். அவர் எழும்பியதும் பின் சீற்றில் இருந்து இன்னும் இரண்டு பேர் எழும்பினார்கள். நடத்துனர் பஸ்ஸை நிற்பாட்டி அவனை இறக்கிவிட்டார். யாரையும் பார்க்காமல் "ஆராவது உதவி செய்யுங்கோ" என்றிருந்தால் எத்தனை பேர் எழும்பியிருப்பார்களோ தெரியாது. சொல்லாலோ செயலாலோ செய்யும் பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம், ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கலாம்.

கையைப் பிடித்துவிட்டால்

உங்கள் மணிக்கட்டை நீங்களே மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நான்கு விரல், மறுபக்கத்தில் பெருவிரல் ஒன்று தனியே. அந்தப் பிடியில் வாசல் அதுதான், பெருவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கிற இடம். பயத்தில் எல்லோரும் கையைத் தங்கள் பக்கம் நேராக இழுப்பார்கள், அப்போது நான்கு விரலோடும் மல்லுக்கட்டுகிறீர்கள். அப்படி இழுக்காமல், மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கம் அந்த வாசலுக்கு நேரே வரும்படி கையைத் திருப்பி, முழங்கையை மடித்து அவர் பக்கமாகக் கொண்டுபோய், உடம்பையும் சேர்த்துச் சுழற்றி உருவவேண்டும். படலைக் கொழுக்கியைக் கழற்றுகிற மாதிரித்தான். நேரே இழுத்தால் இறுகும், திருப்பினால் வரும்.

என் அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. முற்றத்தில் அவளுக்கு இதைப் பழக்கினேன். முதல் ஐந்து தரமும் பின்னுக்கு இழுத்து இழுத்து மணிக்கட்டுச் சிவந்ததுதான் மிச்சம். ஆறாவது தரம் முழங்கையை என் வயிற்றுப் பக்கம் கொண்டுவந்தாள், என் பெருவிரல் தானாக விலகியது. அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. "இன்னொருக்காப் பிடியுங்கோ சித்தி, இறுக்கிப் பிடியுங்கோ" என்று இருட்டும்வரை விடவில்லை.

அடிக்கத்தான் வேண்டும் என்றால் முஷ்டியால் அடிக்காதீர்கள். பழகாத முஷ்டி தலை எலும்பில் பட்டால் முறிவது எங்கள் கைதான். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கையோ நாடியையோ பார்த்து, அல்லது முழங்காலால் அடிவயிற்றுக்குக் கீழே. ஒன்று, இரண்டு. பிடி தளர்ந்தவுடன் ஓட்டம். விழுந்தவனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடம் எதுவோ அங்கே: கடை, கோயில், விளக்கு எரிகிற வீடு.

சட்டம் எந்தளவுக்குப் பின்னால் நிற்கும்

திருப்பி அடித்தால் எங்களையே பொலிஸ் பிடிக்கும் என்று ஒரு பயம் பலருக்கு உண்டு. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டில் வந்தது. அதன் 89ஆம் பிரிவு, தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்த எதுவும் குற்றமாகாது என்கிறது. எல்லை 92ஆம் பிரிவில் இருக்கிறது: பாதுகாக்கத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, அதிகாரிகளிடம் போக நேரம் இருந்தால் போகவேண்டும். பிடியிலிருந்து விடுபட அடிக்கலாம். விடுபட்ட பிறகு, ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்துக் கட்டிவைத்து ஊரே சேர்ந்து அடிப்பது தற்காப்பு இல்லை, அது புதிய குற்றம். இதை எங்கள் இளைஞர்கள் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும்.

தெரிந்த ஆள் என்றால்?

இருட்டு ஒழுங்கையைப் பற்றியே எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் உலகத்தில் மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள் என்றும், அதில் பெரும்பகுதி கணவன் அல்லது துணைவனால் நடப்பது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிறுவர்களிலும் பெரும்பாலும் தெரிந்தவர்கள்தான். ஆறு மணிக்குப் பிறகு வெளியே போகாதே என்ற தீர்ப்பு இந்த இடத்தில் ஒன்றுமே செய்யாது.

இங்கேயும் அதே இடைவெளிதான், ஆனால் அது மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் குறையும். பிள்ளை "அந்த மாமாவுக்குக் கிட்டப் போகமாட்டன்" என்றால் "மரியாதை இல்லாமல் கதைக்காதை" என்று சொல்லி அனுப்பாதீர்கள். பிள்ளை குனிவைக் கண்டிருக்கிறது. வீட்டு வன்முறைக்கு எதிராக 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அடித்தவர் கிட்ட வரக்கூடாது என்று நீதிமன்றமே இடைவெளியை எழுதிக் கொடுக்கும், 12 மாதம் வரை. பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்று தொலைபேசி இலக்கங்கள் இருக்கின்றன. காயம் என்றால் 1990 அம்புலன்ஸ், இலவசம்.

நடந்து முடிந்த பிறகு

தப்பி வந்தவருக்கு கை நடுங்கும், சிரிப்பு வரும், அழுகை வரும், சத்தி வரும். அட்ரினலின் வடியும்வரை அப்படித்தான். இருத்திவைத்துத் தண்ணீர் கொடுங்கள். பிறகு, ஞாபகம் கலைய முன்பு அவர் சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை மணி, எந்தச் சந்தி, ஹெல்மெற்றின் நிறம், இலக்கத்தகட்டில் ஞாபகமுள்ள இரண்டு எழுத்தாவது, எந்தப் பக்கம் போனார்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுக்கும்போது அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பெரியம்மா விழுந்த அன்று வீட்டுக்கு வந்த பதினைந்து பேரும் கேட்ட முதல் கேள்வி, "ஏன் அந்த நேரம் தனியப் போனனீங்கள்?" பதினைந்து முறையும் அவர் பதில் சொன்னார், பகல் பதினொரு மணி, சந்தைக்குப் போனேன் என்று. கடைசியாக வந்த எதிர்வீட்டுத் தாத்தா மட்டும் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, "கை நோகுதோ பிள்ளை?" என்று கேட்டார். அப்போதுதான் பெரியம்மா அழுதார்.